ஒரே வலையமைப்பா, வெளியா? நெட்வொர்க்கிங் கற்பவர் முதலில் பிடிக்க வேண்டிய கேள்வி

கம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ், சிஸ்கோவின் சிசிஎன்ஏ போன்ற தொடக்கநிலைச் சான்றிதழ்களுக்குப் படிக்க உட்காருபவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்தை வலையமைப்புத் தொடர்பைப் படிகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்வதிலும், இரண்டாவது வாரத்தைப் போர்ட் எண்களை நெட்டுருப் போடுவதிலும் செலவிடுகிறார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, 'இந்தக் கணினியிலிருந்து இணையம் வருகிறது, பக்கத்துத் துறையின் சர்வர் மட்டும் கிடைக்கவில்லை, காரணம் என்ன?' என்ற கேள்வியைச் சந்திக்கும்போது கை நின்றுவிடுகிறது. 2024 ஜூனில் வெளிவந்த நெட்வொர்க் பிளஸ் என்10-009 தேர்வில் 90 நிமிடங்களுக்குள் அதிகபட்சம் 90 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் 720 பெற்றால் தேர்ச்சி. அதன் ஐந்து பகுதிகளில் அதிக எடை பெறுவது, 24 சதவீதத்துடன், பழுது கண்டறிதல். அடுக்குகளின் பெயர் தெரிந்தவரைவிட, ஒரு பாக்கெட் (வலையமைப்பில் பயணிக்கும் தரவுத் துண்டு) எங்கே போய் நின்றது என்று சொல்லத் தெரிந்தவருக்கே அந்தப் பகுதி கைகொடுக்கும்.

அந்தத் திறமையின் வேர் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஐபி முகவரி கொண்ட எந்தச் சாதனமும், அது மடிக்கணினியாகட்டும், பிரிண்டராகட்டும், கைபேசியாகட்டும், ஒரு பாக்கெட்டை வெளியே விடுவதற்கு முன் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது: போக வேண்டிய முகவரி என்னுடைய வலையமைப்புக்குள்ளேயே இருக்கிறதா, வெளியில் இருக்கிறதா? சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே, ஏஆர்பி, ரவுட்டிங் டேபிள் ஆகிய நான்கும் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கோ, அதன் விடையின்படி நடப்பதற்கோ ஏற்பட்டவை. இதைப் பிடித்துக்கொண்டவருக்கு மற்றப் பாடங்கள் தனித்தனித் தகவல்களாகச் சிதறிக் கிடக்காமல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

முகவரிக்குள் இருக்கும் எல்லைக்கோடு

ஐபிவி4 முகவரி என்பது 32 பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 ஆகிய 32 இலக்கங்கள், கொண்ட ஓர் எண். 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 791 என்ற ஆவணம் வரையறுத்த வடிவமே இன்றும் நடைமுறையில் உள்ளது. 32 பிட்டுகளை நாம் அப்படியே படிக்க முடியாது என்பதால், எட்டெட்டாகப் பிரித்து, ஒவ்வொரு எட்டையும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாக எழுதி, இடையில் புள்ளி வைக்கிறோம். 192.168.10.70 என்று எழுதுவது நம் வசதிக்காகத்தான். சாதனத்துக்கு அந்தப் புள்ளிகள் இல்லை. இதைச் சொல்லாமல் கடந்துவிடும் பாடங்களால்தான், முகவரியின் பகுதிகள் புள்ளி இருக்கும் இடத்தில் பிரிகின்றன என்ற தவறான எண்ணம் மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது.

உண்மையில் ஒவ்வொரு முகவரியும் இரண்டு பகுதிகளாகத்தான் பிரிகிறது. இடப்பக்கம் இருப்பது எந்த வலையமைப்பு என்பதைச் சொல்லும் பகுதி. வலப்பக்கம் இருப்பது அந்த வலையமைப்புக்குள் எந்தச் சாதனம் என்பதைச் சொல்லும் பகுதி. இரண்டுக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது என்பது முகவரியைப் பார்த்தால் தெரியாது. அதைச் சொல்வதற்கென்றே உடன் வரும் இன்னோர் எண்தான் சப்நெட் மாஸ்க்.

நம் தரைவழித் தொலைபேசி எண்களை நினைத்துப் பார்த்தால் இந்த அமைப்பு உடனே விளங்கும். முன்னால் வரும் பூஜ்யத்தை நீக்கிவிட்டால், எஸ்டிடி குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து பத்து இலக்கங்கள்தான். சென்னைக்குக் குறியீடு 44, ஆகவே உள்ளூர் எண்ணுக்கு எட்டு இலக்கங்கள் மிஞ்சுகின்றன. திருச்சிக்கு 431, மிஞ்சுவது ஏழு. திருவண்ணாமலைக்கு 4175, மிஞ்சுவது ஆறு. குறியீடு நீளும்போது அந்த ஊருக்குள் கொடுக்கக்கூடிய இணைப்புகளின் எண்ணிக்கை குறைகிறது. குறியீடு சுருங்கும்போது கூடுகிறது. மொத்த நீளம் மாறுவதில்லை. ஐபி முகவரியிலும் இதேதான் நடக்கிறது. மொத்தம் 32 பிட்டுகள். அவற்றில் முதல் எத்தனை பிட்டுகள் வலையமைப்புக்கு என்பதைச் சாய்கோட்டுக்குப் பின் எழுதுகிறோம். 192.168.10.70/26 என்றால் முதல் 26 பிட்டுகள் வலையமைப்புக்கு, எஞ்சிய 6 பிட்டுகள் சாதனங்களுக்கு.

பழைய நூல்களில் காணப்படும் ஏ, பி, சி வகுப்புகள் இந்தக் கோட்டை 8, 16, 24 ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே அனுமதித்த காலத்தைச் சேர்ந்தவை. 254 சாதனங்களுக்கு மேல் தேவைப்பட்ட நிறுவனம் ஒன்று, 65,534 சாதனங்களுக்கு இடம் தரும் பி வகுப்பை வாங்கி, பெரும்பகுதியை வீணாக வைத்திருக்க நேர்ந்தது. 1993இல் சிஐடிஆர் என்ற முறை வந்து, கோட்டை எந்தப் பிட்டிலும் போடலாம் என்றாக்கியது. வகுப்புகளின் பெயர்கள் தேர்வுக்காகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு முகவரியின் முதல் எண்ணைப் பார்த்து அதன் மாஸ்க்கை ஊகிக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்போம்

26 பிட் மாஸ்க்கை முழுதாக எழுதினால் 255.255.255.192. முதல் மூன்று எண்களில் எல்லாப் பிட்டுகளும் 1. கடைசி எண்ணான 192ஐ இருமத்தில் எழுதினால் 11000000. மாஸ்க்கில் 1 உள்ள இடங்கள் வலையமைப்பு, 0 உள்ள இடங்கள் சாதனம்.

நம் கணினியின் முகவரி 192.168.10.70 என்று கொள்வோம். 70 என்பது 64, 4, 2 ஆகியவற்றின் கூட்டு, இருமத்தில் 01000110. இதற்குக் கீழே 11000000ஐ எழுதி, இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 போட்டு, மற்ற இடங்களில் 0 போட்டால் கிடைப்பது 01000000, அதாவது 64. ஆகவே இந்தக் கணினி இருப்பது 192.168.10.64 என்ற வலையமைப்பில்.

இப்போது கணினி 192.168.10.120 என்ற பிரிண்டருக்கு ஒரு கோப்பை அனுப்ப வேண்டும். 120ஐ இருமத்தில் எழுதினால் 01111000. அதே மாஸ்க்கைப் பொருத்தினால் மீண்டும் 64 வருகிறது. இரண்டும் ஒன்று, பிரிண்டர் நம் வலையமைப்புக்குள்தான் இருக்கிறது. அடுத்து 192.168.10.130 என்ற சர்வர். 130 என்பது 10000010. மாஸ்க்கைப் பொருத்தினால் 128. நம்முடையது 64, அதனுடையது 128. சர்வர் வெளியில் இருக்கிறது. 70, 120, 130 ஆகிய மூன்றும் பார்வைக்கு அக்கம்பக்கத்து எண்களாகத் தெரிந்தாலும், 120க்கும் 130க்கும் நடுவில், வலையமைப்புகளை இணைக்கும் ரவுட்டர் ஒன்று நிற்கிறது.

ஒவ்வொரு முறையும் இருமத்துக்குப் போக வேண்டியதில்லை. 256லிருந்து மாஸ்க்கின் 192ஐக் கழித்தால் 64. இந்த அளவில்தான் வலையமைப்புகள் தொடங்குகின்றன: 0, 64, 128, 192. நம் 70 விழுவது 64க்கும் 127க்கும் இடையில். முதல் எண் 64 வலையமைப்பின் பெயராகவும், கடைசி எண் 127 அங்குள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்கான பிராட்காஸ்ட் முகவரியாகவும் ஒதுக்கப்பட்டுவிடுவதால், சாதனங்களுக்கு 65 முதல் 126 வரை 62 முகவரிகள் கிடைக்கின்றன. இந்தக் குறுக்குவழி வேகமானது. ஆயினும் முதல் சில நாட்களுக்காவது இருமத்திலேயே போட்டுப் பழகுமாறு கேட்டுக்கொள்வேன். ஏன் அப்படி வருகிறது என்று புரியாமல் குறுக்குவழியை மட்டும் கற்றவர்கள், கோடு மூன்றாவது எண்ணுக்குள் விழும்போது தடுமாறுவதைக் காண முடிகிறது.

விடை 'உள்ளே' என்று வந்தால்

பிரிண்டர் உள்ளேதான் இருக்கிறது என்று கணினி முடிவு செய்துவிட்டது. இனி அதை நேரடியாக எட்டலாம். ஆனால் ஈதர்நெட் கம்பியிலோ வைஃபையிலோ பாக்கெட்டை உள்ளே வைத்துக் கொண்டுசெல்லும் ஃபிரேம் என்ற உறைக்கு ஐபி முகவரி போதாது. அதற்கு மேக் முகவரி வேண்டும். இது 48 பிட் எண். நெட்வொர்க் கார்டு தயாரிக்கப்படும்போதே அதில் பதிக்கப்படுவது. ஐபி முகவரி கையில் இருக்கிறது, மேக் முகவரி தெரியவில்லை என்ற இந்த இடைவெளியை நிரப்புவதற்காக 1982இல் டேவிட் பிளம்மர் எழுதி வெளியிட்ட நெறிமுறைதான் ஏஆர்பி.

அது செயல்படும் விதம் மிகவும் நேரடியானது. கணினி தன் வலையமைப்பில் உள்ள அனைவருக்கும் கேட்கும்படி ஒரு ஃபிரேமை அனுப்புகிறது. வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துப் பார்த்தால், '192.168.10.120 யாரிடம் இருக்கிறது? 192.168.10.70க்குச் சொல்லவும்' என்ற பொருளில் அந்த வரி கண்ணெதிரே ஓடும். எல்லாச் சாதனங்களும் அதைப் பெறுகின்றன. அந்த முகவரிக்கு உரிய பிரிண்டர் மட்டும் தன் மேக் முகவரியோடு பதில் அனுப்புகிறது. கணினி அதைச் சிறிது நேரம் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தால் வலையமைப்பே கேள்விகளால் நிரம்பிவிடும் அல்லவா?

ஒரே வலையமைப்பின் சாதனங்களை இணைத்து நடுவில் இருக்கும் ஸ்விட்ச் இந்த உரையாடலில் ஐபி முகவரியைப் பார்ப்பதே இல்லை. எந்த மேக் முகவரியிலிருந்து எந்த வாயில் வழியாக ஃபிரேம் உள்ளே வந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அந்த முகவரிக்கு வருவதை அந்த வாயிலுக்கு மட்டும் அனுப்புகிறது. தன் பட்டியலில் இல்லாத முகவரி என்றால், வந்த வாயிலைத் தவிர மற்ற எல்லா வாயில்களிலும் அனுப்பிவிடுகிறது. ஸ்விட்ச்சைப் பற்றித் தொடக்கநிலையில் இவ்வளவு தெரிந்தால் போதும். ஒரே ஸ்விட்ச்சைப் பல வலையமைப்புகளாகப் பிரிக்கும் விலேன் போன்றவை இதன்மேல் பின்னால் வந்து உட்காரும்.

விடை 'வெளியே' என்று வந்தால்

130 என்ற சர்வருக்கு அனுப்பும்போது கணினி ஏஆர்பி மூலம் 130இன் மேக் முகவரியைக் கேட்பதில்லை. கேட்டாலும் பயனில்லை, ஏனென்றால் பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது. வெளியே போக வேண்டிய எதுவாக இருந்தாலும் அதை ஒப்படைப்பதற்கென்று கணினியில் ஒரு முகவரி குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் டீஃபால்ட் கேட்வே. அது கணினியின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும் ரவுட்டரின் முகவரி, நம் எடுத்துக்காட்டில் 192.168.10.65 என்று வைத்துக்கொள்ளலாம். கேட்வே உள்ளேதான் இருக்க வேண்டும் என்ற விதி எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கே தெளிவாகிறது: அதை ஏஆர்பி மூலம் நேரடியாக எட்ட முடிய வேண்டும். வெளியில் இருப்பதை எட்ட உதவும் சாதனமே வெளியில் இருந்துவிட்டால் அதை எட்டுவது எப்படி?

இனி வருவதுதான் நெட்வொர்க்கிங் முழுவதிலும் என்னை மிகவும் கவர்ந்த நுட்பம். தேர்வுகளும் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. கணினி பாக்கெட்டின் மேல் சேருமிட ஐபி முகவரியாக 192.168.10.130ஐத்தான் எழுதுகிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஃபிரேமின் மேல் சேருமிட மேக் முகவரியாக, சர்வருடையதை அல்ல, கேட்வேயுடையதை எழுதுகிறது. ஐபி முகவரி கடைசியில் யாரைச் சேர வேண்டும் என்பதைச் சொல்கிறது. மேக் முகவரி இந்த ஒரு தாவலில் அடுத்து யார் கையில் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. ரவுட்டர் ஃபிரேமைப் பிரித்து எறிந்துவிட்டு, உள்ளிருக்கும் பாக்கெட்டின் ஐபி முகவரியைப் பார்த்து, அடுத்த தாவலுக்கு ஏற்ற புதிய ஃபிரேமுக்குள் அதை வைத்து அனுப்புகிறது. பாக்கெட் பத்து ரவுட்டர்களைக் கடந்தால் மேக் முகவரிகள் ஒவ்வொரு தாவலிலும் மாறியிருக்கும். ஐபி முகவரிகளோ, முகவரி மாற்றம் செய்யும் சாதனம் எதுவும் இடையில் இல்லாத வரை, புறப்பட்டபோது இருந்தபடியே இருக்கும்.

இரண்டு வகை முகவரிகள் ஏன் என்று கேட்காத மாணவரே இல்லை. மேக் முகவரியில் ஊர் இல்லை. தயாரித்த நிறுவனம் எது என்பதை அதன் முதல் 24 பிட்டுகள் சொல்லுமே தவிர, அந்தச் சாதனம் இப்போது மதுரையில் இருக்கிறதா, மெல்போர்னில் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. உலகத்தையே மேக் முகவரியால் மட்டும் இணைக்க முயன்றால், ஒவ்வொரு ரவுட்டரும் உலகிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு வரி வைத்திருக்க வேண்டியிருக்கும். ஐபி முகவரியின் முதற்பகுதி ஒரு கூட்டத்தையே ஒரே வரியில் குறிப்பிட்டுவிடுவதால், ஆயிரக்கணக்கான சாதனங்களுக்கு ரவுட்டரில் ஒரு வரி போதுமானதாகிறது.

ரவுட்டரும் கேட்பது அதே கேள்வியைத்தான். அதன் கையில் விடைகள் மட்டும் அதிகம். அதனிடம் உள்ள ரவுட்டிங் டேபிளில், இந்த வலையமைப்புக்குப் போக வேண்டுமானால் இந்த வாயில், அந்த வலையமைப்புக்கு அந்த வாயில் என்று வரிகள் இருக்கின்றன. ஒரே முகவரிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் பொருந்தினால், நீளமான முன்பகுதி கொண்ட வரி வெல்லும். 10.0.0.0/8 என்ற வரியும் 10.20.0.0/16 என்ற வரியும் இருந்தால், 10.20.5.9க்குச் செல்லும் பாக்கெட் இரண்டாவது வரியின்படியே போகும். எதுவுமே பொருந்தாதபோது பயன்படுவது 0.0.0.0/0 என்ற டீஃபால்ட் வரி. உண்மையில் நம் கணினிக்குள்ளும் இப்படி ஒரு சிறிய டேபிள் இருக்கிறது. இவ்வளவு நேரம் 'உள்ளேயா, வெளியேயா' என்று நாம் பேசியது, அந்த டேபிளில் சொந்த வலையமைப்பின் வரி பொருந்துகிறதா, டீஃபால்ட் வரி பொருந்துகிறதா என்ற தேடலைத்தான்.

ஒவ்வொரு ரவுட்டரும் பாக்கெட்டில் உள்ள டிடிஎல் என்ற எண்ணை ஒன்று குறைத்துவிட்டு அனுப்புகிறது; அது பூஜ்யமானால் பாக்கெட் கைவிடப்படும். தவறான வரிகளால் இரண்டு ரவுட்டர்கள் ஒரு பாக்கெட்டை ஒன்றுக்கொன்று தள்ளிக்கொண்டே இருக்கும் நிலை முடிவில்லாமல் நீளாதிருக்க இந்த ஏற்பாடு. பொதுவாக விண்டோஸ் 128இலும் லினக்ஸ் 64இலும் தொடங்குகின்றன.

இங்கே நின்று பார்த்தால் ஓஎஸ்ஐ அடுக்குகள் வெறும் பட்டியலாகத் தெரியாது. ஃபிரேமும் மேக் முகவரியும் ஸ்விட்ச்சும் இரண்டாவது அடுக்கு. பாக்கெட்டும் ஐபி முகவரியும் ரவுட்டரும் மூன்றாவது அடுக்கு. அதற்கு மேல், ஒரே கணினிக்குள் எந்த நிரலுக்கு இந்தத் தரவு என்பதைப் போர்ட் எண்ணால் பிரித்துக் கொடுக்கும் டிசிபியும் யூடிபியும் நான்காவது அடுக்கு. பாதுகாப்பான இணையப் பக்கத்துக்கு 443, தொலைவிலுள்ள கணினிக்குக் கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச்சுக்கு 22, பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸுக்கு 53, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389 என்பவற்றைப் பயன்பாட்டோடு சேர்த்துப் படித்தால் மறப்பதில்லை.

நான்கு மதிப்புகளும் அவற்றைத் தருபவரும்

ஒரு கணினி வலையமைப்பில் இயங்க நான்கு மதிப்புகள் வேண்டும்: தன் முகவரி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் சர்வரின் முகவரி. இவற்றைக் கையால் எழுதலாம். பெரும்பாலும் டிஎச்சிபி சர்வர் தருகிறது. கணினி முதலில் 'யாராவது டிஎச்சிபி சர்வர் இருக்கிறீர்களா' என்று பிராட்காஸ்ட் செய்கிறது, சர்வர் ஒரு முகவரியை முன்வைக்கிறது, கணினி அதைக் கேட்டுப் பெறுகிறது, சர்வர் உறுதிசெய்கிறது. டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்ற இந்த நான்கு படிகளும் யூடிபி 67, 68 ஆகிய போர்ட்டுகளில் நடக்கின்றன. பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது என்று மேலே பார்த்தோம். ஆகவே டிஎச்சிபி சர்வர் வேறு வலையமைப்பில் இருந்தால், ரவுட்டரில் ரிலே ஏற்பாடு செய்து அந்தக் கோரிக்கையை அங்கே சேர்க்க வேண்டும். தேர்வில் 'புதிதாகப் பிரித்த வலையமைப்பில் உள்ள கணினிகளுக்கு மட்டும் முகவரி கிடைக்கவில்லை' என்று கேள்வி வந்தால், பெரும்பாலும் அது தேடுவது இந்த விடையைத்தான்.

டிஎன்எஸ்ஸின் வேலை பெயரை எண்ணாக்குவது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த இந்த அமைப்பு இல்லாவிட்டால், நம் முதற்கேள்வியையே கேட்க முடியாது. பெயருக்கு மாஸ்க்கைப் பொருத்த முடியாதே. கவனிக்க வேண்டியது, டிஎன்எஸ் சர்வருக்குக் கேள்வி அனுப்பும்போதும் கணினி அதே சோதனையைச் செய்கிறது என்பது. இணையத்தில் உள்ள 8.8.8.8ஐ டிஎன்எஸ் சர்வராக வைத்திருக்கும் கணினியில் கேட்வே தவறாக இருந்தால், பெயர்கூட எண்ணாக மாறாது. பயனர் அதை 'டிஎன்எஸ் பிரச்சினை' என்று சொல்லக்கூடும். பழுது இருப்பது மூன்றாவது அடுக்கில்.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் இணையத்தில் செல்லுபடியாகாதவை. 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918, 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்று தொகுதிகளைத் தனியார் வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கியது. இவற்றிலிருந்து இணையத்துக்குப் போகும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியை, எல்லையில் இருக்கும் ரவுட்டர் பொது முகவரியாக மாற்றுகிறது; இதுவே நேட். ஒரே பொது முகவரியைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும்போது, எந்தப் பதில் யாருக்கு என்பதைப் போர்ட் எண்களால் அது நினைவில் வைத்துக்கொள்கிறது.

பழுது எப்படிப் பேசுகிறது

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை காணலாம். 192.168.10.70 கணினியில் ஒருவர் 255.255.255.192க்குப் பதில் 255.255.255.0 என்று மாஸ்க்கைக் கையால் எழுதிவிட்டார் என்று கொள்வோம். கணினி 130ஐப் பார்க்கிறது. இந்த மாஸ்க்கின்படி இருவருடைய வலையமைப்பும் 192.168.10.0. ஆகவே சர்வர் உள்ளே இருக்கிறது என்று முடிவுசெய்து, கேட்வேயிடம் போகாமல், ஏஆர்பி மூலம் அழைக்கிறது. சர்வர் ரவுட்டருக்கு அப்பால் இருப்பதால் அந்த அழைப்பு அதன் காதில் விழுவதே இல்லை. இணையத்தில் உள்ள 8.8.8.8 மட்டும் எந்த மாஸ்க்கின்படி பார்த்தாலும் வெளிதான். ஆகவே அது கேட்வே வழியாக ஒழுங்காகப் போய்வருகிறது. பிரிண்டரும் வேலை செய்கிறது. சர்வர் மட்டும் கிடைக்கவில்லை. கேபிளையும் சர்வரையும் ஃபயர்வாலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து ஒரு நாளைக் கழித்துவிடக்கூடிய பழுது இது. சில ரவுட்டர்கள் ப்ராக்ஸி ஏஆர்பி என்ற வசதியால் சர்வரின் சார்பில் தாமே பதில் சொல்லிவிடும். அப்போது பழுது வெளியில் தெரியாமலே கிடந்து, ரவுட்டரை மாற்றும் நாளில் தலைகாட்டும்.

இந்த இடத்தில், ஒரு முகவரியை எட்ட முடிகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளை தரும் சொற்களை உற்றுப் படிக்கும் பழக்கம் மிகவும் உதவும். விண்டோஸில் 130க்குப் பிங் செய்தால், நம் சொந்த முகவரியான 192.168.10.70இலிருந்தே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று பதில் வரும். பதில் சொல்வது நம் கணினியேதான்: ஏஆர்பிக்கு யாரும் பதில் தரவில்லை, எனவே பாக்கெட் வாசலைத் தாண்டவே இல்லை. மாறாக 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வந்தால், பெரும்பாலும் பாக்கெட் புறப்பட்டுப் போயிருக்கிறது, பதில் திரும்பி வரவில்லை. எதிர்ப்பக்கத்து ஃபயர்வாலோ, திரும்பி வரும் வழியோ சந்தேகத்துக்குரியது. அதே 'அன்ரீச்சபிள்' கேட்வேயின் முகவரியிலிருந்து வந்தால், பாக்கெட் ரவுட்டர் வரை போய்விட்டது, ரவுட்டரால் மேலே கொண்டுசெல்ல முடியவில்லை. மூன்றையும் 'பிங் போகவில்லை' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது, மருத்துவரிடம் போய் வலி எங்கே என்று சொல்லாமல் இருப்பதற்குச் சமம்.

இன்னோர் அடையாளம் 169.254 என்று தொடங்கும் முகவரி. டிஎச்சிபி சர்வர் யாரும் பதில் தராதபோது கணினி தானாகச் சூட்டிக்கொள்ளும் முகவரி அது. கேட்வே இருக்காது, வெளியே எங்கும் போக முடியாது. இதைக் கண்டால் இணையத்தைச் சோதிப்பதில் பொருளில்லை. கேபிள், வைஃபை இணைப்பு, டிஎச்சிபி சர்வர், ரிலே ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஐபிவி6 வந்துவிட்டால் இதெல்லாம் பழங்கதையாகிவிடுமா என்று சிலர் அஞ்சுகிறார்கள். 2011 பிப்ரவரி 3 அன்று, உலகளவில் முகவரிகளைப் பங்கிடும் ஐஏஎன்ஏ அமைப்பு தன் கையிருப்பிலிருந்த கடைசி ஐபிவி4 தொகுதிகளைப் பகிர்ந்தளித்துவிட்டது. இந்தியக் கைபேசி இணைப்புகளில் ஐபிவி6 இன்று பரவலாக உள்ளது. முகவரி 128 பிட்டாக நீண்டிருக்கிறது, ஏஆர்பியின் இடத்தில் நெய்பர் டிஸ்கவரி வந்திருக்கிறது, பிராட்காஸ்ட் இல்லை. ஆனாலும் முன்பகுதி பொருந்தினால் நேரடியாக, பொருந்தாவிட்டால் ரவுட்டரிடம் என்ற நடைமுறை அப்படியே இருக்கிறது. சாதாரண வலையமைப்புகளில் கோடு பெரும்பாலும் 64ஆவது பிட்டில் விழுவதால் கணக்கு எளிதாகவும் ஆகிவிடுகிறது.

பயிற்சிக்குச் செலவில்லை. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசர் என்ற ஒப்புருவாக்க மென்பொருளில் இரண்டு ஸ்விட்ச்சும் ஒரு ரவுட்டரும் வைத்து மேலே சொன்ன எடுத்துக்காட்டை அப்படியே கட்டலாம். அதுவும் வேண்டாமென்றால் வீட்டுக் கணினியே போதும். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் கொடுத்து உங்கள் முகவரி, மாஸ்க், கேட்வே மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள கைபேசிக்கு ஒரு பிங், 8.8.8.8க்கு ஒரு பிங் செய்துவிட்டு, ஏஆர்பி கட்டளையால் கணினி நினைவில் வைத்திருக்கும் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். கைபேசியின் மேக் முகவரி அங்கே இருக்கும், கைபேசி பிங்குக்குப் பதில் தராவிட்டாலும்கூட. கேட்வேயின் மேக் முகவரி இருக்கும். 8.8.8.8க்கு ஒரு வரியும் இருக்காது. ஏன் இருக்காது என்பதை ஒரு நண்பருக்கு வாயால் விளக்க முடிந்தால், இந்தப் பாடம் உங்களுடையதாகிவிட்டது.

பிறகு கோடு மூன்றாவது எண்ணுக்குள் விழும் கணக்குகளுக்குப் போகலாம். 172.16.45.200/20 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்க் 255.255.240.0, 256லிருந்து 240ஐக் கழித்தால் 16, மூன்றாவது எண்ணில் வலையமைப்புகள் 0, 16, 32, 48 என்று தொடங்கும். 45 விழுவது 32க்கும் 47க்கும் இடையில். ஆகவே வலையமைப்பு 172.16.32.0, பிராட்காஸ்ட் 172.16.47.255, நடுவில் 4,094 முகவரிகள். 172.16.48.10 வெளியில், அதற்குச் செல்வது கேட்வேயிடம் போகும். இதே வலையமைப்பில் 172.16.40.0 என்ற முகவரியை ஒரு கணினிக்குக் கொடுக்கலாமா என்று தேர்வில் கேட்டால், கடைசியில் பூஜ்யம் இருக்கிறதே என்று பலர் மறுத்துவிடுவார்கள். சாதனத்துக்கான 12 பிட்டுகளையும் எழுதிப் பாருங்கள்: 1000 00000000. எல்லாம் பூஜ்யமும் இல்லை, எல்லாம் ஒன்றும் இல்லை. அது முறையான முகவரி, தாராளமாகக் கொடுக்கலாம்.